மூன்று மாதத்தில் முஷ்டி பழகாது

எட்டயபுரத்தில் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் பெண் பிள்ளைகளில் பலர் கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் பஸ்ஸில் போய்ப் படிக்கிறவர்கள். இந்தப் பிள்ளைகளை எவனும் ஆறடி தள்ளி நின்று சண்டைக்குக் கூப்பிடப் போவதில்லை. நெரிசலில் மணிக்கட்டைப் பிடிப்பான், துப்பட்டாவை இழுப்பான்.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் 3 மாதத் தற்காப்புப் பயிற்சி நடக்கிறது. அருமையான திட்டம். ஆனால் நான் பார்த்தவரை, வரிசையாக நின்று காற்றில் பஞ்ச் விடுவதிலேயே பெரும்பகுதி நேரம் போய்விடுகிறது.

ஒகினாவாவின் பழைய கராத்தேயில், வைக்கோல் கயிறு சுற்றிய மக்கிவாரா கட்டையில் வருடக்கணக்காக இடித்துத்தான் முஷ்டியை இறுக்குவார்கள். அந்தப் பழக்கம் இல்லாத பெண் பிள்ளை, தாக்க வருகிறவன் தலையில் ஓங்கிக் குத்தினால், அவளுடைய சுண்டுவிரலுக்குக் கீழுள்ள எலும்பு முறியலாம். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தாடையில் இடித்தால் அந்த ஆபத்து குறைவு. தெய்ஷோ என்ற அந்த அடியும் ஒகினாவா கராத்தேதான்.

காற்றில் விடும் அந்தப் பஞ்சில், ஒரு கை குத்தும்போது மறு கை இடுப்புக்குத் திரும்புமே, அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். எதிராளியின் கையைப் பற்றி இழுத்து அவனை நிலைகுலைய வைப்பதும் அந்தக் கையின் வேலை. 1901 வாக்கில் ஒகினாவா ஆசான் இதோசு அங்கோ கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். கூட்டமாகச் செய்யும் உடற்பயிற்சியாக அது பரவியபோது பிடியும் பூட்டும் பின்னுக்குப் போயின.

அதனால், முதல் மாதம் முழுக்கப் பிடி விடுவிப்பதைச் சொல்லிக்கொடுங்கள். பிடித்தவனுடைய கட்டைவிரல் மற்ற விரல்களைச் சந்திக்கும் இடத்தில்தான் பிடி தளர்வு. மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை அங்கே திருப்பி, ஓரடி முன்னே வைத்து, முழங்கையை அவன் பக்கம் மடக்கிச் சட்டென்று உருவ வேண்டும். பின்னால் சாய்ந்து இழுத்தால் பலசாலி விடமாட்டான். இதைத் தோழி ஒருத்தி உண்மையாகவே இறுக்கிப் பிடிக்கப் பழக வேண்டும். அடுத்த இரண்டு மாதமும் உள்ளங்கை அடி, முழங்கை இடி, தொண்டை கிழியக் கத்துவது, ஓடுவது.

பெல்ட்டும், கட்டா என்கிற வரிசை அசைவுகளும் விரும்புகிறவர்கள் பிறகு வந்து கற்கட்டும். இந்த 3 மாதம், கையைப் பிடித்தவனிடமிருந்து தப்பி வீடு வந்து சேர்வதற்கு. பயிற்சி முடிகிற நாளில், ஒவ்வொரு மாணவியும் இறுக்கிப் பிடித்த பிடியிலிருந்து விடுபடுகிறாளா என்று பள்ளிகள் சோதித்துப் பார்க்க வேண்டும்.