வாக்கி டாக்கியின் பட்டனைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கலாமா?

ராஸ்பெர்ரி பை போர்டு வாங்குகிறவர்கள் முதலில் செய்வது ஒரு எல்.இ.டி. விளக்கை மினுக்குவது. அடுத்து ஒரு ரிலேயை மாட்டி வீட்டு ஃபேனை மொபைலில் இருந்து சுற்ற வைப்பார்கள். அதோடு போர்டு அலமாரிக்குப் போய்விடும். 2012-ல் இந்த போர்டு வெளிவந்ததில் இருந்து இதுதான் நடக்கிறது. அந்த 40 பின்களில் ஒன்றை வைத்து ஒரு வாக்கி டாக்கியைப் பேச வைக்கலாம் என்றால் பலர் "மொபைல் இருக்கும்போது அது எதற்கு?" என்கிறார்கள்.

எதற்கு என்று தெரிய எங்கள் ஊருக்கு வர வேண்டும். நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை மேல் எடப்புளி நாடு. காரவள்ளியில் இருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டில் நின்றால் மொபைலில் இரண்டு கோடு தெரியும். மிளகுத் தோட்டத்துப் பள்ளத்தில் இறங்கினால் ஒன்றும் இருக்காது. பெருமழையில் கரண்ட் போனால் சற்று நேரத்தில் மேட்டில் இருந்த கோடுகளும் போய்விடும். சாலையில் பாறை விழுந்திருக்கிறதா, காலை பஸ் வருமா, நோயாளியை எந்தப் பக்கமாக இறக்குவது என்று தெரிய வேண்டியதும் அந்த நேரத்தில்தான். பெங்களூரில் உட்கார்ந்து சாப்ட்வேர் எழுதுகிற எனக்கு, வீட்டுக்கு போன் போகாத இரவுகளில் மொபைல் மீதான நம்பிக்கை ரொம்பவே குறைந்துவிட்டது.

கம்ப்யூட்டரையும் ரேடியோவையும் கிராமத்தில் சேர்ப்பது புது யோசனை இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, வில்லியனூரைத் தலைமை மையமாக வைத்து வி.எச்.எஃப். இருவழி ரேடியோ மூலமாகத்தான் கிராமத்து கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தில் இருந்து எடுத்த அலை உயரத் தகவலை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் இருந்து வந்த ஒரு போன் எச்சரிக்கை, அங்கிருந்த மையத்தின் ஒலிபெருக்கி வழியாகவே ஊர் முழுவதும் போய்ச் சேர்ந்தது. மக்கள் கரையை விட்டு விலகினார்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை அன்று கடந்தது காதில் விழுந்த தமிழ். அதே நிறுவனம் எங்கள் மலையில் சாமை, தினை, கேழ்வரகைக் காப்பாற்றுவதற்கும் பல வருடங்கள் வேலை செய்திருக்கிறது. அந்த ரேடியோ மட்டும் மலை ஏறவில்லை.

அன்று ஒரு அறையை அடைத்த சாமான், இன்று கிரெடிட் கார்டு அளவு போர்டும் ஒரு கைப்பெட்டியும்தான். வாக்கி டாக்கியில் ஹெட்செட் மாட்டும் ஜாக் இருக்கும். ஹெட்செட்டின் பட்டனை அழுத்தினால் உள்ளே நடப்பது ஒன்றுதான்: ஒரு கம்பி கிரவுண்டோடு சேர்கிறது, பெட்டி ஒலிபரப்பத் தொடங்குகிறது. அந்த விரலின் வேலையை ஒரு டிரான்சிஸ்டர் செய்யும். பையின் ஒரு பின்னில் இருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பி.சி.547-ன் பேஸுக்குக் கொடுங்கள். பின் 3.3 வோல்ட் தரும்போது சுமார் இரண்டரை மில்லி ஆம்பியர் ஓடும். பட்டன் அழுத்தப்பட்டதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். நான் இதற்கு பி.சி.817 ஆப்டோகப்ளரைத்தான் விரும்புவேன். இரண்டு பக்கத்துக்கும் மின் தொடர்பே இல்லாததால், பெட்டியில் எது தவறினாலும் போர்டு பிழைக்கும். இந்தப் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்காது என்பதை மறக்காதீர்கள்.

குரலுக்குத் தனி ஏற்பாடு தேவை. பையில் மைக் இன்புட் கிடையாது. பை 5-ல் ஹெட்போன் ஜாக்கும் இல்லை. ஒரு சாதாரண யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு போதும். அதன் அவுட்புட் மைக் இன்புட்டுக்கு மிக அதிகம், இரண்டு ரெசிஸ்டர்களால் குறைக்காவிட்டால் குரல் கரகரக்கும். பை 5-ல் பின்களைக் கவனிப்பது வேறு சிப் என்பதால் பழைய ஆர்.பி.ஐ. ஜி.பி.ஐ.ஓ. லைப்ரரி ஓடாது, ஜி.பி.ஐ.ஓ. ஜீரோவை எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான். பைத்தானில் பத்து வரி.

இனி என் கட்சிக்கு வருகிறேன். இதில் பட்டனை அழுத்த வைப்பது பெரிய வேலையே இல்லை, விட வைப்பதுதான் வேலை. மனிதன் பேசி முடித்ததும் விரலை எடுத்துவிடுவான். புரோகிராம் நடுவில் தொங்கிவிட்டால் பின் மேலேயே நிற்கும், பெட்டி வெறும் மௌனத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்த சேனலில் வேறு யாரும் பேச முடியாது. அவசரத்துக்கு என்று வைத்த கருவியே அவசரத்தில் வாயை அடைக்கும். எனவே சாப்ட்வேரை நம்பாத ஒரு தடை ஹார்டுவேரில் இருந்தே ஆக வேண்டும். நான் பயன்படுத்துவது இது: பின் நேராக டிரான்சிஸ்டரை இயக்காது. புரோகிராம் அந்தப் பின்னை விடாமல் ஆன், ஆஃப் என்று துடிக்க வைக்கும். துடிப்பு ஒரு கெபாசிட்டர் வழியாகப் போய், இரண்டு டயோடுகளால் நேர் மின்னழுத்தமாக மாறி டிரான்சிஸ்டரை இயக்கும். புரோகிராம் உறைந்தால் பின் மேலே நின்றாலும் கீழே நின்றாலும் துடிப்பு நின்றுவிடும், பட்டன் விடுபடும். துடிப்பைத் தரும் லூப்பும் குரலைத் தரும் லூப்பும் ஒன்றாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்று செத்தது இன்னொன்றுக்குத் தெரியாது. பெட்டியின் மெனுவில் டைம் அவுட் டைமர் இருந்தால் அதையும் ஒரு நிமிடத்துக்கு வையுங்கள்.

போர்டு பூட் ஆகும் நேரத்தையும் யோசியுங்கள். பழைய பை மாடல்களில் இருந்தே 0 முதல் 8 வரை எண்ணுள்ள பின்கள் தொடக்கத்தில் மேல் நோக்கி இழுக்கப்பட்டிருக்கும், 9 முதல் 27 வரை கீழ் நோக்கி. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், நேரடியாக இணைத்த பெட்டி ஒவ்வொரு முறையும் தானாக ஒலிபரப்பிவிடக் கூடாது. 25-ஆம் எண் பின் நல்லது. 14 வேண்டவே வேண்டாம், அது சீரியல் போர்ட்டின் வாய்.

"பின் எதற்கு, குரலைக் கேட்டால் தானாக ஆன் ஆகும் வாக்ஸ் வசதி பெட்டியிலேயே இருக்கிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. அது குரலைக் கேட்ட பிறகுதான் விழிக்கும், அதற்குள் முதல் அசை போய்விடும். பின்னை வைத்துச் செய்பவர்களும் வால் பக்கம் கவனிக்க வேண்டும். சாப்ட்வேர் முழுக் கோப்பையும் அனுப்பிவிட்டதாக நினைக்கும்போது சவுண்ட் கார்டின் பஃபரில் கொஞ்சம் பாக்கி இருக்கும். உடனே பின்னை இறக்கினால் கடைசிச் சொல் வெட்டுப்படும். தமிழில் ஆமா, இல்லையா என்பது வினையின் வாலில்தான் இருக்கிறது. "அந்த வழியாக வர வேண்டாம்" என்பதில் கடைசிச் சொல் போனால் மிஞ்சுவது "அந்த வழியாக வர". ஆகவே பேசும் முன் அரை வினாடி, பேசிய பின் அரை வினாடி. மறுப்புச் செய்தியை இரண்டு முறை சொல்ல வைப்பது இன்னும் நல்லது.

போன விடுமுறையில் லைசென்ஸ் தேவைப்படாத இரண்டு 446 மெகாஹெர்ட்ஸ் பெட்டிகளை வைத்து வீட்டில் கிளிப்பிள்ளை முறையை ஓட்டிப் பார்த்தேன். கேட்ட குரலைப் பதிவு செய்து, பேசியவர் நிறுத்தியதும் அதே சேனலில் திரும்பச் சொல்வதால் அந்தப் பெயர். ஒரே ஒரு பெட்டி போதும். மேட்டில் இதை வைத்தால், ஒன்றையொன்று பார்க்காத இரண்டு பள்ளங்கள் பேசிக்கொள்ளலாம். தோட்டத்துப் பள்ளத்தில் நின்ற அப்பா, தன் குரலே திரும்பி வந்ததும், "ஏம்ப்பா, இது நீ பேசுறியா, பெட்டி பேசுதா?" என்றார். நியாயமான கேள்வி. அன்றில் இருந்து போர்டு பேசும் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒரு சின்ன பீப் ஒலியும் நேரமும் சேர்த்திருக்கிறேன். மனிதன் இப்போது சொல்வதையும் இயந்திரம் முன்பு கேட்டதையும் ஊர் குழப்பிக்கொள்ளக் கூடாது.

லோரா போர்டுகளை வைத்து 865-868 மெகாஹெர்ட்ஸில் எழுத்துச் செய்தி அனுப்பலாமே என்று ஆபீஸ் நண்பர் வாதிட்டார். மழைமானியின் எண்ணை அனுப்ப அது அருமை, கரண்டும் குறைவு. ஆனால் திரையைப் படிக்க மூக்குக் கண்ணாடி தேடும் பாட்டிக்கு எண் வேண்டாம், குரல் வேண்டும். நான் குரல் பக்கம்.

சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. 446.0 முதல் 446.2 வரையிலான குறைந்த சக்திப் பெட்டிகளுக்குத்தான் அந்த விலக்கு. ஆன்லைனில் கிடைக்கும் மற்ற மலிவுப் பெட்டிகளில் பல இதற்குள் வராது. 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்காக ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜாக்கில் இணைப்பதோடு நிறுத்துங்கள், பெட்டியைத் திறந்து சக்தியைக் கூட்டாதீர்கள். மேட்டில் ஆளில்லாமல் நிரந்தரமாக ஓட விடுவதாக இருந்தால், தொலைத்தொடர்புத் துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஹாம் லைசென்ஸ் இருந்தால் 144-146 மெகாஹெர்ட்ஸில் சோதனைகள் செய்யலாம், தேர்வு எழுதினால் போதும். நானும் எழுதி ரெஸ்ட்ரிக்டட் கிரேடு வாங்கினேன். ஆனால் அது பஞ்சாயத்தின் அன்றாடச் செய்திகளைக் கொண்டுபோவதற்கான சேவை அல்ல. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பாறை சரியும் மலைகளில் ஒரு ஊராட்சிக்கு ஒரு சேனல், நிலையான ஒரு மேட்டுப் பெட்டி, எளிய விண்ணப்பம், இவ்வளவு கொடுத்தால் போதும். கல்லூரி மாணவனே கட்டிவிடக் கூடிய கருவிக்கு, அதை ஓட வைக்கும் அனுமதிதான் மலையாக நிற்கிறது.

கரண்ட் கணக்கையும் பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரியில் 84 வாட் அவர் இருக்கிறது. சும்மா இருக்கும்போதே 3 வாட் தின்னும் பை 4, காகிதக் கணக்கில்கூட 28 மணி நேரம்தான் தாங்கும். பருவமழையில் எங்கள் மலையில் மூடுபனி இரண்டு மூன்று நாள் சூரியனைக் காட்டாது, சோலார் பலகை சும்மா நனையும். அதனால் மேட்டுக்கு பை ஜீரோ 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வாட் கணக்கு ஒன்றுக்குக் கீழே இறங்கும். பேட்டரியை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். ஆன்டெனாவுக்கும் போர்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மீட்டராவது விடுங்கள். ஒலிபரப்பும் ஒவ்வொரு முறையும் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு காணாமல் போனால் காரணம் பெரும்பாலும் அதுதான்; கேபிளில் ஒரு ஃபெரைட் வளையத்தை மாட்டிப் பாருங்கள்.