தோணியும் கங்காணியும்

சென்ற பருவத்தில் ஓர் இரவு, விடுதியில் எட்டுப் பேர் சேர்ந்து ஓர் ஆங்கிலப் படம் பார்த்தோம். உலகம் அழிந்துபோகிறது. எஞ்சிய சிலர் ஒரு மதிலுக்குள் கூடி வாழ்கின்றனர். அவர்களுக்கு ஒரு தலைவன். சிரித்த முகம், இனிய சொல், கிழவி முதல் குழந்தை வரை பெயர் சொல்லி அழைத்து நலம் கேட்பான். எதிர்த்துப் பேசியவனை மட்டும் இரவோடு இரவாக மதிலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவான். படம் முடிந்த பின் நள்ளிரவு வரை சொற்போர் நடந்தது. "அந்த நேரத்துக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். நியாயம், இரக்கம் எல்லாம் வயிறு நிறைந்த பிறகு பேசலாம்" என்றான் என் அறை நண்பன். அவன் பொருளியல் மாணவன். மற்ற ஆறு பேரும் அவன் கட்சி. நான் ஒருவனே மறுத்தேன். மறுத்தேனே ஒழிய, காரணம் கேட்டபோது எனக்கு நா எழவில்லை. அன்று சொல்ல வராததை இம்மலரில் எழுத முற்படுகிறேன். பேராசிரியப் பெருமக்களும் நண்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

உலகம் அழிவது என்பது சீர்காழிக்காரர்களுக்குப் புதிய செய்தி அன்று. ஊழி வெள்ளத்தில் எல்லாம் மூழ்கியபோது, அறுபத்து நான்கு கலைகளையும் ஆடையாக உடுத்து, பிரணவத்தைத் தோணியாக்கி, உமையோடு இறைவன் வந்து தங்கிய இடம் இது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் ஊருக்குத் தோணிபுரம் என்றே ஒரு பெயர். ஆனால் அந்தத் தோணியில் ஏறியவர் யார், ஏற முடியாமல் நின்றவர் யார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இறைவன் செலுத்தும் தோணிக்குப் பட்டியல் தேவையில்லை போலும். மனிதன் செலுத்தும் தோணிக்குத் தேவைப்படுகிறது. அந்தப் பட்டியலை எழுதுபவனைப் பற்றியதுதான் என் பேச்சு.

உலகம் முழுதும் அழிய வேண்டுவதில்லை. ஒரு குடும்பத்துக்கு அதன் உலகம் அழிந்தால் போதும். அப்படி இலட்சக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் உலகம் அழிந்த காலம் ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரை நடந்த அந்தக் கொடுமையைத் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வர். இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது கணிப்பு. காவிரி கைகொடுத்ததால் தஞ்சைத் தரணி ஓரளவு தப்பியது. சேலமும் கோவையும் எரிந்தே போயின. நிவாரண வேலைக்கு வந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோ கூட இல்லை. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இது உயிர் தாங்கப் போதாது என்று வாதாடினார். அரசாங்கத்தின் முகம் அந்நாளில் அப்படி இருந்தது.

இந்த வேளையில்தான் ஊர் எல்லையில் கங்காணி வந்து நின்றார்.

கங்காணியை நாம் கதைகளில் கையில் பிரம்போடு மட்டுமே பார்த்திருக்கிறோம். அது பாதிக் கங்காணி. மறுபாதியைப் பார்த்தால்தான் என் நண்பனுக்கு விடை கிடைக்கும். அவர் அயலார் அல்லர். அதே ஊர், பெரும்பாலும் உறவுமுறை; யாருக்கோ மாமன், யாருக்கோ சித்தப்பன். தலைப்பாகை, கோட்டு, காதில் கடுக்கன். வெற்றிலை மடித்துக் கொடுத்து, செத்துப்போனவர்களை விசாரித்து, திண்ணையில் அமர்ந்து பேசுவார். பழைய கடனை அடைக்க முன்பணம் தருவார். வழிச்செலவு அவருடையது, வழியில் பொங்கும் சோறு அவருடையது, மலைக் குளிருக்குக் கம்பளியும் அவருடையது. கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னார் கடந்து, மீண்டும் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த அந்தக் கூட்டத்தில், காலராவில் விழுந்தவர் போக எஞ்சியவர்க்கு அவரே தாயும் தந்தையும். (நம் பக்கத்து மக்கள் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு சென்றனர். அங்கும் கங்காணி உண்டு.) தோட்டத்து லயத்தில் சண்டை தீர்த்து வைப்பவர் அவர். கலியாணத்துக்குப் பணம் தருபவர் அவர். வெள்ளைத் துரையிடம் நமக்காகப் பேசத் தெரிந்தவரும் அவர் ஒருவரே.

இவ்வளவும் உண்மை. இவ்வளவும் கணக்கிலும் ஏறியது என்பதும் உண்மை. முன்பணம், தோணிக் கூலி, வழியில் தின்ற சோறு, போர்த்திய கம்பளி, எல்லாம் கடன். வழியில் செத்தவனின் கடன் உயிரோடிருக்கும் உறவினன் தலையில் ஏறுவதும் உண்டு. கணக்குப் புத்தகம் கங்காணியிடம். கடன்பட்டவனுக்கோ எழுத்துத் தெரியாது. கூலியும் அவர் கை வழியாகவே வரும். வேலைக்கு இறங்கும் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தோட்டத்திலிருந்து அவருக்குத் தலைக்காசு தனியே உண்டு. காய்ச்சலில் கிடந்தவனை அவர் எழுப்பி வேலைக்கு விரட்டினார் என்றால் ஏன் விரட்டினார் என்று இப்போது விளங்கும். வேறு தோட்டம் போக நினைத்தால் 'துண்டு' வேண்டும். இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆள்களை விடுவிப்போம் என்று எழுதிய சிறு சீட்டுதான் துண்டு. அந்தத் தொகையைப் புதிய தோட்டத்துத் துரை கட்ட, கங்காணி தம் ஆள்களோடு அங்கே மாறுவார். ஆட்டு மந்தைக்கு விலை பேசுவது போல. துண்டில்லாதவனை எவரும் வேலைக்குச் சேர்க்கமாட்டார்.

படத்துத் தலைவனுக்கு மதில் வேண்டியிருந்தது. இவருக்கு ஒரு துண்டுக் காகிதம் போதுமாயிருந்தது.

என் நண்பன் இங்கே குறுக்கிடுவான் என்று தெரியும். "கங்காணி வராவிட்டால் அவர்கள் ஊரிலேயே செத்திருப்பார்களே!" செத்திருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. பசித்தவன் கங்காணியின் பின்னே போனதைக் குறை சொல்ல எனக்கென்ன உரிமை? நானும் போயிருப்பேன். ஆனால் 'வயிறு நிறைந்த பிறகு பேசலாம்' என்றானே, அந்தப் 'பிறகு' எப்போது வந்தது? பஞ்சம் 1878இல் முடிந்தது. இலங்கையில் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல். நடுவே 43 ஆண்டுகள். போனவன் இறந்து, அவன் மகன் கிழவனாகும் காலம். அதுவும் கங்காணி மனமிரங்கி வந்ததன்று. தஞ்சை மண்ணிலிருந்து சென்ற பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், புடவை வியாபாரி போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைக் கண்டறிந்தார் என்பர். அவர் 1931இல் தொழிலாளர்க்கென ஒரு சம்மேளனம் அமைத்தபோது அவரை எதிர்த்தவர்கள் துரைமார் மட்டுமல்லர், பெரிய கங்காணிகளும்தான். துண்டு போன பின்னும் கங்காணி போகவில்லை.

ஒருவனிடம் அன்பு பாதி, கொடுமை பாதி என்று நாம் பிரித்துப் பார்ப்பதில்தான் தவறு இருக்கிறது என்று நினைக்கிறேன். கம்பளி கொடுத்த கை வேறு, பிரம்பு எடுத்த கை வேறு என்றிருந்தால் மக்கள் பிரம்பை எதிர்த்திருப்பர். கம்பளியை நினைத்ததால்தான் குனிந்தார்கள். சோறு போட்டவரிடம் கணக்குக் கேட்பதா என்ற கூச்சமே அவருக்குப் பெருங்காவல்.

இது நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதன்று. 2022 நவம்பர் 11ஆம் நாள் நம் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் தெருவே ஒரு கலியாண மண்டபத்தில் தங்கியது. எங்களைக் காத்தவர் எல்லோரும் அண்ணன் என்று அழைக்கும் ஒருவர். இடுப்பளவு நீரில் என் அப்பாயியை முதுகில் சுமந்து வந்தார். எங்கிருந்தோ அரிசி வந்தது, பருப்பு வந்தது, கைக்குழந்தைகளுக்குப் பால் வந்தது. அவர் தூங்கி நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு பெரியவர், "எத்தனை மூட்டை வந்துது தம்பி, எத்தனை வெந்துது?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அண்ணன் சிரித்தார். "பெரியப்பாவுக்குக் கணக்கு வேணுமாம்" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலை பாய் கொடுத்தபோது பெரியவர் வீட்டுக்குப் பாய் இல்லை. "பட்டியல்ல பேரு விட்டுப்போச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம் பெரியப்பா" என்றார் அண்ணன், மிகுந்த பணிவோடு. இரவு அவர் முறை வந்தபோது அண்டாவில் சோறு இல்லை. மறுநாள் விடியலில் அந்தக் குடும்பம் முழங்கால் நீரில் இறங்கி நடந்து போயிற்று. யாரும் அவர்களைத் தள்ளவில்லை. யாரும் கதவைச் சாத்தவும் இல்லை. நான் தட்டோடு வரிசையில் நின்றிருந்தேன்.

நள்ளிரவுச் சொற்போரில் எனக்கு நா எழாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் கொடுத்தனுப்ப அப்பாயி எந்த ஆண்டும் தவறுவதில்லை. எடுத்துப் போகிறவன் நான்தான். இவ்வாண்டும் போனேன். வாசலிலேயே தோளில் கை போட்டு, அப்பாயிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது, நான் என்ன படிக்கிறேன் என்று விசாரித்தார். வரலாறு, மூன்றாம் ஆண்டு என்றேன். மகிழ்ந்தார். காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்தேன். எத்தனை மூட்டை வந்தது என்று கேட்கவில்லை.