பளையில ஒரு செக்கன் நில்லுங்கோ

ரீல்ஸ் பார்க்கிற எல்லாருக்கும் இந்த வீடியோ தெரியும். பூமி உருண்டை சுத்தும். இலங்கை கிட்ட வரும். கொழும்பில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அதிலயிருந்து ஒரு குட்டிக் கார் வெளிக்கிட்டு, பின்னால கோடு இழுத்துக்கொண்டு வடக்கைப் பார்த்து ஓடும். அநுராதபுரம், வவுனியா எண்டு ரெண்டு பேர் மின்னி மறையும். பிறகு யாழ்ப்பாணம். உடன பாட்டு மாறும், நல்லூர்க் கோபுரம் வரும், ஐஸ்கிரீம் வரும், கீரிமலை வரும். லைக்கைப் போட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுவம்.

எனக்கும் இந்த வீடியோக்கள் விருப்பம்தான். பத்து வருசத்துக்கு முன்னர் தொலைக்காட்சி நிலையங்கள் மட்டும் செய்த வேலையை இப்ப ஒரு பெடியன் போனிலேயே செய்யிறான். டிராவல்போஸ்ட் மாதிரி ஆப்பில் ரெண்டு ஊரைத் தட்டினால் கார் தானாக ஓடும். கொஞ்சம் பொறுமை இருந்தால் கூகுள் ஏர்த் ஸ்டூடியோவில் கமெராவை நாங்களே வானத்தில் நகர்த்தலாம். அது பிரவுசரிலேயே வேலை செய்யும், காசும் இல்லை. இவ்வளவு கருவி கையில் இருந்தும் எல்லாரும் ஒரே கோட்டைத்தான் போடுறம். என்ர பிரச்சினை அதுதான்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கோ. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு றோட்டால ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வீடியோ 30 செக்கன். அப்ப ஒரு செக்கனுக்கு 13 கிலோமீற்றர். ஆனையிறவைத் தாண்டிப் பளைக்கு வர கிட்டத்தட்ட ஒரு செக்கன் காணும். கண்ணைச் சிமிட்டினால் என்ர ஊர் முடிஞ்சுது.

அந்த ஒரு செக்கனுக்குள்ள என்ன இருக்கு?

முதலாவது, ஒரு ரயில் நிலையம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முழுப் பாதையும் பூர்த்தியானது 1905இல். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990இல் யுத்தத்தால் வடக்குக்கான ரயில் நின்றது. பிறகு தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை. இந்திய நிறுவனமான இர்கொன் பாதையைத் திரும்பப் போட்டபோது, 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சிக்கு வந்தது, 2014 மார்ச் 4ஆம் திகதி பளைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போனது அதே வருசம் ஒக்டோபர் 13ஆம் திகதிதான். இடைப்பட்ட ஏழு மாதமும் வடக்கு ரயில் பாதையின் கடைசி நிலையம் பளை. யாழ்ப்பாணம் போற சனம் இங்க இறங்கித்தான் பஸ் எடுத்தது. எந்த வீடியோவின்ர கோடும் அந்த ஏழு மாதத்தைக் காட்டினதில்லை.

இரண்டாவது, ஒரு நிறக் குழப்பம். வரைபட வீடியோக்களில் மாவட்டங்களுக்கு நிறம் அடிப்பார்கள். தரையைப் பார்த்தால் பளை ஆனையிறவுக்கு வடக்கே, குடாநாட்டோடு ஒட்டி இருக்கு. நிர்வாகத்தைப் பார்த்தால் கிளிநொச்சி மாவட்டம், பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலகம். 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து கிளிநொச்சி பிரிந்தபோது நாங்கள் இந்தப் பக்கம் வந்தம். கம்பஸில் முதல் வருசம் "நீ யாழ்ப்பாணமா, வன்னியா?" என்று கேட்டால் பளைப் பிள்ளைகள் கொஞ்சம் யோசிச்சுத்தான் பதில் சொல்லும். "யாழ்ப்பாணம்" என்று குடாநாடு முழுக்க ஒரே நிறம் அடிக்கிற வீடியோவும் பிழை, ஆனையிறவுக்கு மேல கிளிநொச்சியே இல்லை என்று காட்டுற வீடியோவும் பிழை.

மூன்றாவது, பெயர். ஆங்கிலத்தில் பளையை ரெண்டு 'எல்' போட்டு எழுதுகிற வழக்கம் இருக்கு. ஆங்கில வரைபடத்திலிருந்து பெயரை எடுத்து, அதைக் கணினிக் குரலிடம் வாசிக்கக் கொடுத்தால் "பல்லை" என்று வாசிக்கும். பளைக்கே இந்தக் கதி என்றால் புலோப்பளை, சோரன்பற்று, தம்பகாமம், முகாவில், இயக்கச்சி எல்லாம் எப்படி வரும் என்று நினைச்சுப் பாருங்கோ. ரயில் நிலையப் பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிற பெயர், தமிழர் செய்து தமிழர் பார்க்கிற வீடியோவில் ஏன் ஆங்கிலத்தில் மட்டும் வர வேணும்?

"மச்சான், இது சும்மா ஒரு டிராவல் வீடியோ. நீ ஏன் இவ்வளவு பெரிசா எடுக்கிறாய்?" என்று கேட்பீங்கள். கேட்கிறது நியாயம்தான். ஆனால் அந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு இருக்கு.

1942இல் வந்த 'காஸாபிளாங்கா' படத்தின்ர தொடக்கத்தைத் தேடிப் பாருங்கோ. பூமி உருண்டை சுத்தும். பிறகு வரைபடம் வரும். பாரிஸிலிருந்து மார்செய், கடலைத் தாண்டி ஓரான், அங்கிருந்து காஸாபிளாங்கா என்று கோடு நகரும். இப்ப நாங்கள் பார்க்கிற அதே டெம்ப்ளேட். ஆனால் அந்தக் கோட்டில் போறது சுற்றுலாப் பயணிகள் இல்லை. நாஸிகளுக்குப் பயந்து ஐரோப்பாவை விட்டு ஓடுகிற அகதிகள்.

இன்னும் பின்னுக்குப் போனால், 1869இல் சார்ள் ஜோசெப் மினார்ட் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒரு வரைபடம் கீறினார். 1812இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குப் படையெடுத்துப் போய்த் திரும்பின பாதை அது. படையில் எத்தனை பேரோ அந்த அளவுக்குக் கோட்டின் தடிப்பு. பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீற்றர். போகேக்க 4 இலட்சத்து 22 ஆயிரம் பேர், தடித்த பட்டை. திரும்பி வரேக்க 10 ஆயிரம் பேர், நூல் மாதிரி ஒரு கோடு. அழுகைப் பாட்டு எதுவும் தேவைப்படவில்லை. கோடு மெலிகிறதைப் பார்த்தாலே விளங்கும்.

இதை வாசிக்கேக்க உங்கட வீட்டு ஆக்களின்ர பாதை ஞாபகம் வரவில்லையா? எங்கட ஊரில் ஒவ்வொரு குடும்பத்திடமும் அப்படி ஒரு கோடு இருக்கு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு வந்து, பிறகு கிளாலிக் கடலால் வன்னிக்குப் போன கோடு. 2009இல் பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று போய், வவுனியா மெனிக் பாமில் முடிஞ்ச கோடு. அங்கிருந்து திரும்பி வந்த கோடு எல்லா வீட்டிலும் அதே தடிப்பில் இல்லை. அம்மாக்கள் ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பார்கள், நாங்கள் "ம்" கொட்டுவம். எது எங்க இருக்கு, எது எவ்வளவு தூரம் என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு நிமிச அனிமேஷன் வரைபடம் இந்த இடத்தில் செய்யக்கூடிய வேலையை எந்தக் கட்டுரையாலும் செய்ய ஏலாது.

ஆனால் இங்க ஒரு பொறி இருக்கு. ஆப்பில் "யாழ்ப்பாணம், கிளிநொச்சி" என்று அடித்தால் அது யோசிக்காமல் ஏ9 வழியாக, ஆனையிறவைத் தாண்டிக் கோடு போடும். அதுக்கு இன்றைய றோட்டு மட்டும்தான் தெரியும். 1993இல் அந்த வழியால் சனம் போக ஏலாது. கிளாலியில் இரவில் வள்ளம் ஏறி, கடற்படைக்குப் பயந்து, பூநகரிப் பக்கம் போய் இறங்கினார்கள். 2002இல் ஏ9 திறந்தது, முகமாலைச் சோதனைச் சாவடியில் சனம் வரிசையில் நின்றது. 2006 ஓகஸ்டில் அதே முகமாலையில் பாதை மூடப்பட்டது. ஆகவே ஒரே இரண்டு ஊருக்கு இடையில் 1993க்கு ஒரு கோடு, 2003க்கு ஒரு கோடு, 2007க்குக் கோடே இல்லை. டெம்ப்ளேட்டை நம்பினால், அம்மம்மா வள்ளத்தில் போன இரவை நாங்கள் காரில் ஏத்தி அனுப்பிவிடுவம்.

அதால கோட்டைக் கையால கீறுங்கோ. கூகுள் மை மெப்ஸில் புள்ளி புள்ளியாக வைத்துப் பாதையை வரைந்து, கேஎம்எல் கோப்பாக எடுத்து, ஏர்த் ஸ்டூடியோவுக்குள் போடலாம். ஒவ்வொரு புள்ளியிலும் திகதியும், எத்தனை நாள் நின்றார்கள் என்றும் எழுதுங்கோ. கார் படத்தை எடுத்துவிட்டு நடை, சைக்கிள், உழவு இயந்திரம், வள்ளம் என்று எதில் போனார்களோ அதைப் போடுங்கோ. பெயரைத் தமிழில் எழுதுங்கோ. ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்பில் தமிழ்ப் பெயருக்கென்று தனி இடம் இருக்கு, யாரும் கணக்குத் தொடங்கிச் சேர்க்கலாம். உங்கட ஊர்க் குளத்தின்ர, ஒழுங்கையின்ர பெயர் அதில் இல்லை என்றால் அதைப் போடுறது உங்கட வேலை. ஒன்றே ஒன்று: கதை சொன்னவரிடம் கேட்காமல் எதையும் பதிவேற்றாதீங்கோ. வீட்டுப் புள்ளி, ஆக்களின்ர பெயர், காணாமல் போனவரைப் பற்றின விபரம் எல்லாம் அவர்களுடையது. அவர்கள் வேண்டாம் என்றால் அந்த வீடியோ குடும்ப வட்ஸ்அப்போட நிற்கட்டும்.

இன்னொரு விசயம், இது விளையாட்டில்லை. முகமாலைப் பக்கம் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் எதுக்கு நட்டதென்று இந்த றோட்டால போற எல்லாருக்கும் தெரியும். நாட்டிலேயே மிகப் பெரிய மிதிவெடி வயல்களில் ஒன்று அது. ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகளில் வேலை செய்கிற எங்கட பெண்கள் முழங்காலில் இருந்து, அடி அடியாக அந்த மண்ணைத் துப்புரவாக்கினார்கள். வரைபடத்தில் அந்த நிலம் வெறும் பச்சையாகத்தான் தெரியும். "யாருக்கும் தெரியாத இடம்", "குறுக்குப் பாதை" என்று அந்தப் பச்சைக்குள்ளால ஒரு கோடு கீறி விட்டால், அதைப் பார்த்து ஒருத்தன் மோட்டர் சைக்கிளை விடுவான். பாதை போடுறவருக்குப் பொறுப்பு இருக்கு. தெரியாத நிலத்தில் கோடு போடாதீங்கோ.

"திரும்பவும் யுத்தக் கதையா? நாங்கள் கொஞ்சம் சந்தோசமா இருக்கக் கூடாதா?" என்று சிலர் கேட்பார்கள். இருக்கலாம், இருக்கவும் வேணும். பளை என்றால் முகமாலை மட்டும் இல்லை. தென்னந்தோப்பு இருக்கு, புலோப்பளையில் காற்றாலைகள் சுத்துது, பின்னேரத்தில் கிளாலிக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அதுகளையும் காட்டுங்கோ. என்ர வாதம் "சோகத்தைப் போடு" என்பதில்லை. வழியில் இருக்கிற ஊரும் ஒரு ஊர், அங்கயும் சனம் இருக்கு என்பதுதான். கொழும்பிலிருந்து வாறவனுக்கு வன்னி ஒரு நீளமான றோட்டு. வன்னியில் பிறந்த நாங்களும் அதே கண்ணால பார்த்து அதே கோட்டைப் போட்டால், எங்கட ஊரை நாங்களே தாண்டிப் போறம்.

"நிப்பாட்டினால் ஆக்கள் பார்க்க மாட்டினம், தள்ளிக்கொண்டு போயிடுவினம்" என்கிற பயமும் எனக்கு விளங்குது. ஆனால் யார் பார்க்கினம் என்று யோசிச்சுப் பாருங்கோ. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கட ஆக்கள் யாழ்ப்பாணக் கோட்டையை ஆயிரம் வீடியோவில் பார்த்திட்டினம். அவர்கள் தேடுறது மாசாரில் தாங்கள் விட்டுட்டுப் போன வளவு, அல்லிப்பளையில் படிச்ச பள்ளிக்கூடம். யாரும் காட்டாததைக் காட்டுற வீடியோவில்தான் ஆள் நிற்கும்.

அடுத்த முறை ஏ9ஆல கோடு இழுக்கேக்க வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கோ. ஆனையிறவு தாண்டினதும் ஒரு கீபிரேம் வையுங்கோ. "பளை" என்று தமிழில் எழுதுங்கோ. ஒரு செக்கன் காணும். அதுக்குப் பிறகு யாழ்ப்பாணம் போங்கோ, ஐஸ்கிரீமும் குடியுங்கோ.