கண்ணாடியை உள்ளே கொணர்வோம்



மார்கழி பிறந்துவிட்டால் நமது மீனாட்சிபுரத்தில் காற்றுக்குக் குறைவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே கீழ்க்காற்று வீசும். உடன் புழுதியும் வரும். பொங்கலுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யப் புகும் நாம், சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், தரையைக் கழுவுகிறோம். சன்னற் கண்ணாடியின் வெளிப்புறமோ பெரும்பாலும் துடைபடாமலே நிற்கிறது. துடைக்கும் வீடுகளிலும், பெண்டிர் நாற்காலி மீதேறி, உடலின் பாதியை வெளியே நீட்டித் துடைப்பதைக் காண்கிறோம். இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே நமது கருத்து.

நம்மவர் பலர் குடியேறி வாழும் சிங்கப்பூரில், அயல்நாடுகளினின்று வந்து வீட்டுவேலை செய்த பெண்கள் சிலர், மாடிச் சன்னலைத் துடைக்கையில் தவறி வீழ்ந்து மாண்டனர். ஆகவே 2012 ஜூன் 4 முதல் அந்நாட்டரசு ஒரு விதி செய்தது. கம்பிக் கதவு பூட்டப்பட்டிருந்து, வீட்டார் ஒருவர் அருகிருந்து மேற்பார்த்தாலன்றி, பணிப்பெண்ணை மாடிச் சன்னலின் வெளிப்புறம் துடைக்கச் செய்யலாகாது என்பதே அது. பணிப்பெண்ணுக்கு வேண்டிய இக்காவல் நம் இல்லத்தரசிக்கும் வேண்டுமன்றோ?

நல்வாய்ப்பாக, நம் வீடுகளில் பலவற்றில் உள்ளவை கண்ணாடித் தகடுகளை வரிசையாகச் செருகிய 'லூவர்' சன்னல்கள். தகடுகளைக் கிடையாகத் திருப்பி, இரு முனையிலும் உள்ள கவ்வியின் நாக்கைச் சற்றே நிமிர்த்தினால், அவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுக்கலாம். 6 அங்குல அகலமும் 2 அடி நீளமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள தகடு ஏறத்தாழ 1 கிலோ எடையே இருக்கும். எடுத்த வரிசை மாறாதிருக்கத் துண்டுத் தாளில் எண் எழுதி ஒட்டுக.

எடுத்தவற்றை நிறுத்தத் தாங்கி ஒன்று செய்வோம். 2 அடி நீளமுள்ள இரண்டு ரீப்பர் கட்டைகளில், 2 அங்குலத்துக்கு ஒன்றாக, கால் அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த அகலமும் 1 அங்குல ஆழமும் உள்ள வெட்டுகள் இடுக. அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டை ஒட்டுக. இரு கட்டைகளையும் 1 அடி இடைவெளியில் குறுக்குச் சட்டங்களால் இணைத்தால், தட்டு அடுக்கும் சட்டம் போல் பத்துத் தகடுகளைத் தாங்கும்.

அதே டியூபில் ஒரு பட்டை வெட்டி, 1 அடி நீளமுள்ள இரு மரச் சட்டங்களுக்கிடையே அரை அங்குலம் வெளியே நீளுமாறு வைத்து ஆணி அடித்தால் நீர் வழிக்கும் கருவி ஆயிற்று. ரப்பரின் விளிம்பு நேராயிருத்தல் இன்றியமையாதது. வளைந்திருந்தால் கோடு விழும்.

ஈரச் சாக்கை மடித்து விரித்து, அதன்மேல் தகட்டை வைத்துச் சோப்புநீரால் தேய்த்துக் கழுவுக. ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டுச்சென்ற வெள்ளைக் கறை சோப்புக்கு அசையாது. அது பெரும்பாலும் சுண்ணாம்பாதலின், வினிகரும் நீரும் சம அளவில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் கரையும். பளிங்குத் தரையில் அக்கலவை சிந்தாது காக்க. பின்னர் ஒரே இழுப்பில் நீரை வழித்துத் தாங்கியில் நிறுத்துக.

தடித்த கையுறையும் காலணியும் அணிக, குழந்தைகளை அகற்றுக, விளிம்பு உடைந்த தகட்டை மீண்டும் செருகாதீர். நகரும் பெருஞ்சன்னல்களின் நிலை வேறு. 4 அடிக்கு 3 அடியும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள கண்ணாடி மட்டுமே 11 கிலோ கனக்கும். அதனைத் தனியொருவர் கழற்றலாகாது. வெளியே கம்பி இல்லாத மாடியில் இருவரும் முயலலாகாது.

செலவென்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. கட்டை அறுப்பதை ஆடவர் ஏற்கட்டும். தகடு உருவுகையில் ஒருவர் எடுக்க ஒருவர் வாங்கட்டும். வரும் போகிக்குள் நம் வீட்டார் எவரும் சன்னலுக்கு வெளியே சாயாமலே கண்ணாடிகள் ஒளிரட்டும்.