ஐரோப்பா காப்பிக்கு முகவரி கேட்கிறது. மலை விவசாயிக்குப் பட்டா எங்கே?



பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் என்று நம்ம பள்ளத்தாக்கு ஊர்களில் இருந்து விடியுமுன்னே ஜீப் ஏறி எஸ்டேட் வேலைக்குப் போற சனம் ஏராளம். அகமலை, குரங்கணி, கொட்டகுடி மலைகளில் சொந்தமாகக் காப்பி போட்டுப் பிழைப்பவர்களும் உண்டு. அவங்க எல்லாரையும் தொடப்போகிற சட்டம் இது.

காட்டை அழித்த நிலத்தில் விளைந்த பொருளை உள்ளே விடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது. காப்பி, கோகோ, ரப்பர், மரம் உட்பட 7 வகைப் பொருள்கள் அதில் அடக்கம். ஏலக்காய் இல்லை. கெடு தேதி 2020 டிசம்பர் 31. இரண்டு முறை தள்ளிப்போய், 2026 டிசம்பர் 30 முதல் பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு அமலாகிறது.

காட்டைக் காக்கணும், அதில் நமக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனா சுமை யார் தலையில விழுது?

ஒவ்வொரு மூட்டையும் எந்த நிலத்தில் விளைந்தது என்று காட்டணும். 4 ஹெக்டேர் வரைக்கும் ஒரே ஒரு ஜிபிஎஸ் புள்ளி போதும், செல்போனிலேயே எடுத்துடலாம். சிக்கல் அதுக்கு அப்புறம்தான். உள்ளூர்ச் சட்டப்படி விளைந்தது என்றும் காட்டணும். பட்டா இல்லாதவர் என்ன செய்வார்? பத்துப் பேர் காப்பியை ஒண்ணாக் கலந்து வாங்குகிற வியாபாரி எப்படிக் கணக்குக் காட்டுவார்? தப்பு நடந்தா வாங்குகிற கம்பெனிக்கு வருமானத்தில் 4 சதவீதம் வரை, அதுக்கு மேலும்கூட அபராதம் வரலாம். அவன் ஏன் வம்பு என்று பெரிய எஸ்டேட் பக்கம் போயிடுவான்!

வழி இருக்கு. 2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலத்தை உழுது வரும் பழங்குடி மக்களுக்கு உரிமைப் பத்திரம் தரணும். அந்தப் பத்திரம் கைக்கு வந்தால், ஐரோப்பா சொல்லும் தேதிக்கு 15 வருஷம் முன்னாடியே அது அவங்க உழைத்த நிலம் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் கோரிக்கைகள்:

▪️ நிலுவையில் உள்ள வன உரிமை மனுக்களை உடனே முடிக்கணும்.

▪️ காபி வாரியம் மலைக்கிராமத்துக்கே வந்து, தமிழில், இலவசமாகப் பதிவு செய்து தரணும்.

▪️ பதிவான விவரம் விவசாயி கையிலும் இருக்கணும். வியாபாரி மாறினாலும் அது செல்லணும்.

▪️ சிறு விவசாயிகள் கூட்டாக விற்க உதவி வேண்டும்.

மலையில் உறவு இருக்கிறவங்க இன்றைக்கே சொல்லுங்க. அடுத்த கிராம சபையில் மனுவோடு நில்லுங்க. காட்டோடு காலங்காலமா வாழ்ந்தவனைக் காட்டை அழித்தவன் பட்டியலில் சேர்க்க விடமாட்டோம்!

#மலைவிவசாயிக்கு_உரிமைப்பத்திரம்