பற்றுச்சீட்டுக் கேட்பது நன்றி மறப்பதன்று

போரினால் வீடிழந்து வந்தோருக்கு ரொறன்ரோ மாநகரில் கிடைக்கும் முதற்கூரை, பலவேளைகளில் ஊரவர் ஒருவரின் வீட்டு நிலவறையாகவே அமைந்துவிடுகின்றது. அடைக்கலம் தந்தவரிடம் கணக்குக் கேட்பதா என்ற தயக்கமும் அங்கேயே குடிபுகுந்துவிடுகின்றது. கேட்ட தொகை கேட்டபடி கைமாறுகின்றது. எழுத்தில் ஒரு வரியும் இல்லை.

ஒன்ராறியோ மாகாணத்தின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் இவ்விடயத்தில் தெளிவானது. முற்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் பெறலாகாது. அப்பணமும் இறுதி மாத வாடகைக்கே உரியது. சுவரிற் கறை, கதவிற் கீறல் எனக் காரணங் காட்டி அதிற் கழித்துக்கொள்ள இயலாது. சேதத்திற்கெனத் தனியே வைப்புப்பணம் கேட்பதும் சட்டவிரோதமே. திறப்புக்காகப் பெறும் பணம், புதுத் திறப்பு ஒன்றின் விலையை விஞ்சலாகாது. திறப்பை ஒப்படைக்கும்போது அது திருப்பித் தரப்படல் வேண்டும். பின்திகதியிட்ட காசோலைகளைக் கட்டாயமாகக் கோரவும் முடியாது.

முற்பணத்திற்கு ஆண்டுதோறும் வட்டியும் உண்டு. அரசு அறிவிக்கும் வாடகை உயர்வு வீதமே வட்டி வீதம். 2025இல் அது 2.5 சதவீதம், 1,600 டொலருக்கு 40 டொலர். தொகை சிறிதாயினும் உரிமை சிறிதன்று.

முறைகேடாகப் பெறப்பட்ட பணத்தை மீட்க, ஓராண்டுக்குள் வீட்டுரிமையாளர், வாடகையாளர் சபையில் முறையிடலாம். ஆனால், சான்றின்றிக் கைமாறிய காசை எங்ஙனம் நிரூபிப்பது? கேட்டாற் பற்றுச்சீட்டை இலவசமாகவே தரவேண்டும் எனச் சட்டம் கூறுவதன் காரணம் இதுவே.

இன்னொன்றையும் எம்மவர் அறிந்திருத்தல் அவசியம். வீட்டுச் சொந்தக்காரருடனோ, அங்கு வாழும் அவரது துணைவர், பிள்ளைகள், பெற்றோருடனோ சமையலறையையோ குளியலறையையோ பகிரவேண்டிய நிலையில் இருப்போருக்கு இச்சட்டம் பொருந்தாது. வழக்கென்று வந்தால் அவர்கள் நீதிமன்றத்தையே நாடவேண்டும். ஆகவே, பற்றுச்சீட்டு யாவரிலும் அதிகமாகத் தேவைப்படுவது அவர்களுக்கே.

வீட்டுக்கடன் சுமையால் நெரிபடும் எமது வீட்டுச் சொந்தக்காரர்களின் இடர்களையும் நாம் அறிவோம். ஆயினும், நேற்று வந்தவனின் அறியாமை அக்கடனை அடைக்கும் வழியாகிவிடலாகாது. தாமும் ஒருகால் அத்தகைய நிலவறையொன்றில் வாழ்ந்தவர்கள் என்பதை அவர்களிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

பற்றுச்சீட்டைக் கேட்பது நன்றி மறப்பதன்று. கேளாமலே எழுதிக் கொடுப்பதுதான் ஊரவர் ஒருவர் இன்னோர் ஊரவருக்குச் செய்யும் மரியாதை.