எதிர்வீட்டுச் சுவர்

கடற்கரை ஊரான மாரியூரைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, லீவு முடிஞ்சு நான் சவுதிக்குப் போயிட்டா வீட்ல அப்பாவும் அம்மாவும் மட்டுந்தான். துப்பாக்கி ஒண்ணு வாங்கி வச்சா என்ன? எந்தத் தோட்டா நல்லது?" 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் மூவரும், 2025-இல் சிவகிரியில் வயதான தம்பதியும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பயம் கொங்குநாட்டோடு நின்றுவிடவில்லை.

துப்பாக்கியைப் பொறுத்தவரை நாம் பொறுக்கி எடுக்க அதிகம் இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தற்காப்புக்கென்று முதலில் சொல்வது, உட்புறம் வழவழப்பான, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கி. கடைக்காரர் 'ட்வெல்வ் போர்' என்பார். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு வாய்; சுமார் 18.5 மில்லிமீட்டர். பெரும்பாலும் இரட்டைக்குழல்தான்.

சிக்கல் துப்பாக்கியில் இல்லை, உரிமத்தில் இருக்கிறது. உரிமம் யார் பெயரிலோ அவர் கையில்தான் துப்பாக்கி இருக்க வேண்டும். தம்பி பெயரில் வாங்கி, அப்பா பீரோவில் வைத்துவிட்டு விமானம் ஏறினால் இருவர் மீதும் வழக்கு வரும். ஆகவே அப்பாதான் விண்ணப்பிக்க வேண்டும்; பயிற்சிச் சான்றிதழும் அவர்தான் வாங்க வேண்டும். பிறகு போலீஸ் விசாரணை, கலெக்டர் முடிவு. எழுபதைத் தாண்டிய மனிதர், கண்புரை வேறு.

தோட்டாவுக்கு வருவோம். எண் ஏற ஏற ரவை பொடியாகும். எல்.ஜி., எஸ்.ஜி. எழுத்துத் தோட்டாக்களில் பெரிய ரவை. அமெரிக்கக் காணொளிகள் பெரிய ரவையைத்தான் பரிந்துரைக்கும். பொடி ரவை ஆளை நிறுத்தும் என்ற உறுதி இல்லை. பெரிய ரவை ஆளோடு நிற்கும் என்ற உறுதி இல்லை. நம் கடற்கரைக் குடியிருப்பில் நாலு எட்டு வைத்தால் அடுத்த வீடு. அதன் சுவர் கிடுகாகவோ தகரமாகவோ இருக்கும், அதை ஒட்டிப் பாயில் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். எந்தத் தோட்டா என்று கேட்பவர் முதலில் எதிர்வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். கடையில் இதை யாரும் கேட்பதில்லை.

உப்புக்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் எண்ணெய் காணாத குழல் இங்கே துருவேறும், தோட்டாவின் பித்தளை அடி பச்சை பூக்கும். 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் கிடைத்தன. எண்பதுகளில் ஈழ இயக்கத்தினர் புதைத்தவை என்றார்கள். துருவேறியிருந்தும் அவற்றை யாரும் அலட்சியமாகத் தொடவில்லை. பழந்தோட்டாவோடு அதுதான் தொல்லை: வேண்டும்போது வெடிக்காது, வேண்டாதபோது வெடிக்காது என்று சொல்லவும் முடியாது.

இரவில் வீட்டை உடைத்து நுழைபவனிடமிருந்து காத்துக்கொள்ளும்போது அவன் உயிர் போனாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆவது பிரிவு துணைக்கு வரும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு கூடாது என்று 37-ஆவது பிரிவு கட்டிப்போடுகிறது. கோழி திருடியவன் வேலி தாண்டி ஓடும்போது அவன் முதுகில் ரவை பாய்ந்திருந்தால் எந்த வக்கீலுக்கும் கஷ்டம்தான்.

2019 ஆகஸ்டில் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் நடந்ததைக் கேமரா பதிவாக நாடே பார்த்தது. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து ஒருவன் துணியால் இறுக்குகிறான். சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்து, கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிறார். செருப்பு, பிளாஸ்டிக் நாற்காலி. அரிவாளோடு வந்த இருவரும் ஓடினார்கள். சுதந்திர தினத்தன்று அரசு அந்தத் தம்பதிக்குத் துணிச்சலுக்கான விருது கொடுத்தது. எல்லாருக்கும் இப்படி வாய்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீட்டில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்த நேரம் அது பீரோவுக்குள் பூட்டிக் கிடந்திருக்கும். நாற்காலி வாசலில் கிடந்தது.

தம்பிக்கு நான் சொன்னது: வாசலிலும் கொல்லையிலும் விளக்கு, சவுதியிலிருந்தே பார்க்கிற மாதிரி கேமரா, உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள், ஒரு கோம்பை நாய். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், நாயைக் கேட்கமாட்டார்கள். குட்டியாக வாங்கி, சோறு வைக்கும் வேலையை அம்மாவிடம் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.